பேரலல் மேட்ரிக்ஸ் அல்காரிதம் (எண் கட்டங்களோட கணக்க பல பிராசசர்ல ஒரே நேரத்துல போடுற முறை) படிச்சவங்க இதய ரத்த ஓட்டத்த அளக்குற ஆராய்ச்சிக்குள்ள எப்படி வர்றாங்க? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. சம்பந்தம் நிறையவே இருக்கு, ஆனா கணக்கு போடுற வேகம் கூடுனா அளவு சரியாயிடும்னு மட்டும் நெனச்சுடாதீங்க.

எக்கோல (இதயத்த அல்ட்ராசவுண்ட்ல பாக்குற சோதனை) ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் வெளிய போகுதுன்னு எப்படி பாக்குறாங்கன்னா, இடது கீழறைல இருந்து மகாதமனிக்குப் போற பாதையோட விட்டத்த அளப்பாங்க, டாப்ளர்ல (ஒலி அலைய வச்சு ரத்தத்தோட வேகத்த அளக்குறது) வர்ற வேகக் கோட்டுக்கு அடில இருக்குற பரப்ப எடுப்பாங்க, அதுக்கு விடிஐன்னு பேரு. விட்டம் 2 செ.மீ.ன்னா குறுக்குப் பரப்பு 3.14 ச.செ.மீ., விடிஐ 20 செ.மீ.ன்னா ரெண்டையும் பெருக்கி சுமார் 63 மி.லி., நிமிஷத்துக்கு 70 துடிப்புன்னா 4.4 லிட்டர். இப்ப அதே ஆளுக்கு விட்டத்த 1.8ன்னு குறிச்சா? வெறும் 2 மி.மீ. தான் வித்தியாசம், ஆனா விட்டம் வர்க்கமாகுறதால 3.6 லிட்டருக்கு வந்துடும். நல்லா இருக்குற ஆள் இதயம் பலவீனமான ஆள் மாதிரி தெரிவாரு. அதனாலதான் அளக்குற கோடு எங்க போடணும்ங்குறத மெஷின்கிட்ட குடுத்து ஒரே சீரா போட வைக்கப் பாக்குறாங்க.

அங்கதான் மேட்ரிக்ஸ் உள்ள வருது. படத்துல ஓரத்த கண்டுபிடிக்குற யூ-நெட் மாதிரி நெட்வொர்க் (2015ல ஜெர்மனி ஃப்ரைபர்க்ல வந்தது) செய்யுற கன்வல்யூஷன (சின்ன வடிகட்டிய படம் முழுக்க நகத்திப் போடுற கணக்கு) ஜிபியுல (ஒரே நேரத்துல நிறைய கணக்கு போடுற சிப்) பெரும்பாலும் மேட்ரிக்ஸ் பெருக்கலா மாத்தித்தான் ஓட்டுவாங்க. 1000க்கு 1000 மேட்ரிக்ஸ் ரெண்ட பெருக்குனா நூறு கோடி பெருக்கல், ஆனா உள்ள போற எண்கள் வெறும் 20 லட்சம்தான், ஒவ்வொரு எண்ணும் ஆயிரம் தடவ வேலை செய்யுது. அதனால பெருக்குறது கஷ்டமில்ல, எண்ண சரியான நேரத்துல சரியான பிராசசர்கிட்ட கொண்டு போய் சேக்குறதுதான் கஷ்டம். 1969ல கேனன் போட்ட அல்காரிதம் இத ரொம்ப அழகா செய்யும், பிராசசர்கள கட்டம் கட்டமா நிறுத்தி, மொதல்ல ரெண்டு மேட்ரிக்ஸ் துண்டுகளையும் கொஞ்சம் நகத்தி வச்சுக்கிட்டு, அப்புறம் ஒவ்வொரு படியிலயும் ஒண்ணோட துண்ட இடது பக்கத்து வீட்டுக்கும் இன்னொண்ணோட துண்ட மேல் வீட்டுக்கும் தள்ளிக்கிட்டே இருக்கும், யாரும் தூரத்துல இருக்குறவங்ககிட்ட கேக்கவே வேணாம். அதே 1969ல ஸ்ட்ராசன் 2க்கு 2 மேட்ரிக்ஸ் ரெண்ட பெருக்கத் தேவைப்படுற எட்டு பெருக்கல ஏழாக் குறைச்சார், அதுதான் பேரு வாங்குச்சு, ஆனா இந்த வேலைக்கு வர்றவங்க மொதல்ல கேனன படிங்கன்னுதான் நான் சொல்லுவேன். ரத்த ஓட்டத்த படம் புடிக்குற 4டி ஃப்ளோ எம்ஆர்ஐல ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு திசை வேகம், அதுவும் துடிப்போட ஒவ்வொரு கட்டத்துக்கும், அவ்ளோ டேட்டாவ நகத்தணுமே.

ப்ராஜெக்ட் எடுக்கப் போறீங்கன்னா ஸ்டான்ஃபோர்டோட எக்கோநெட்-டைனமிக் டேட்டாவ பாருங்க, 10,030 எக்கோ வீடியோ. டாப்ளர் கெடையாது, இடது கீழறைய சுத்திப் போட்ட கோடுகள்தான், ஆனா மனுஷன் எங்க கோடு போட்டாரு, உங்க மெஷின் எங்க போடுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க அது போதும்.