5 லட்சம் வ்யூஸ் வந்தால் முகாமுக்கு ஆள் வருமா?

கேள்வி: நாங்கள் 14 பேர் சேர்ந்து ரத்த தான முகாம்கள் நடத்தி வருகிறோம். இரண்டு வருடமாகக் கூட்டம் குறைந்துகொண்டே போகிறது. ஒரு விளம்பர ஏஜென்சி மூன்று நிமிட உருக்கமான படம் எடுத்துத் தருகிறேன், 5 லட்சம் வ்யூஸுக்கு உத்தரவாதம் என்கிறது. "ஊடகச் செய்தி தோட்டா மாதிரி நேராக மனசில் பாயும், இது நிரூபிக்கப்பட்ட தியரி" என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். 1938-ல் அமெரிக்காவில் ஒரு வானொலி நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடியதாம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசகங்களைச் செருகி ஆழ்மனதைத் தொடும் உத்தியும் உண்டாம். எங்கள் சேமிப்பு முழுவதும் இதற்கே போய்விடும். முன்பணமும் கொடுத்துவிட்டோம். இந்தத் தியரி உண்மையா? தொடரலாமா?

பதில்: மீதிப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். முன்பணத்தை என்ன செய்வது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

தோட்டாக் கோட்பாடு என்ற பெயர் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அதை ஆராய்ந்து நிரூபித்தவர் என்று யாரும் கிடையாது. முதல் உலகப் போர்க்காலப் பிரசாரத்தைப் பார்த்து மிரண்டவர்களிடம், ஊடகம் நினைத்தால் மக்களை எப்படியும் ஆட்டி வைக்கலாம் என்ற பயம் இருந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்து, அது சரியில்லை என்று சொல்லும்போது தோட்டா, ஊசி என்ற பெயர்கள் புழக்கத்துக்கு வந்தன. தவறு என்று சுட்டிக்காட்டப் பயன்பட்ட ஒரு பெயரை உங்களிடம் நிரூபணம் என்று விற்கிறார்கள். இதில் என் துறைக்கும் பங்கு உண்டு. தொடர்பியல் வகுப்பில் முதல் பாடமே இதுதான். அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். மறுப்பு பல பாடங்கள் தள்ளி வருகிறது. முதல் பாடத்தோடு நின்றுவிட்டு விளம்பர வேலைக்குப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாடத்திட்டத்தை மாற்றுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்தும் போயிற்று.

அந்த வானொலி நாடகம் ஒலிபரப்பானது 1938 அக்டோபர் 30 அன்று. ஆர்சன் வெல்ஸ் நடத்தினார். செவ்வாய்க் கிரகத்திலிருந்து படையெடுப்பு என்று செய்தி அறிக்கை போலவே அமைத்திருந்தார். அன்று இரவு சுமார் 5,000 வீடுகளில் தொலைபேசியில் விசாரித்த ஒரு கணக்கெடுப்பில், ஏறத்தாழ 2 சதவீதம் பேர்தான் அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரிந்தது. பயந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர்களிலும் அவர்கள் சிறுபான்மைதான் என்று 1940-ல் வெளியான ஆய்வே சொல்கிறது. நாடே ஓடியது என்பது மறுநாள் பத்திரிகைகள் கட்டிய கதை. வானொலி தங்கள் விளம்பர வருமானத்தை இழுத்துக்கொண்டு போகிறதே என்ற எரிச்சல் அப்போது பத்திரிகைகளுக்கு இருந்தது.

ஆழ்மனது உத்தியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1957-ல் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கர், திரையரங்கில் கண் பிடிக்காத வேகத்தில் வாசகம் காட்டி சோளப்பொரி விற்பனையை ஏறத்தாழ 58 சதவீதமும் கோகோ கோலா விற்பனையை ஏறத்தாழ 18 சதவீதமும் கூட்டியதாக அறிவித்தார். 1962-ல் அது வியாபாரத்துக்காகச் செய்த ஜோடனை என்று அவரே ஒப்புக்கொண்டார். இதற்கென்று ஒப்பந்தத்தில் தனிக் கட்டணம் போட்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

சரி, உண்மையில் என்னதான் நடக்கிறது? உங்கள் நிலைமைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 1947-48-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆறு மாதம் பிரசாரம் நடந்தது. ஏறத்தாழ 60,000 துண்டறிக்கைகள், வாரத்துக்கு 150 முறை வரை வானொலி விளம்பரம், எங்கே பார்த்தாலும் ஒரே வாசகம். முன்னும் பின்னும் மக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஐ.நா.வைப் பற்றி எதுவும் தெரியாது என்றவர்கள் முன்பு 30 சதவீதம், பின்பு 28 சதவீதம். வாசகத்தைக் கேட்டதாகச் சொன்ன பலருக்கு அதன் பொருள் தெரியவில்லை. பிரசாரம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களிடம்தான். உங்கள் படத்துக்கும் இதுதான் நடக்கும். ரத்த தானத்தில் நாட்டம் உள்ளவர்கள் பார்ப்பார்கள், கண் கலங்குவார்கள், பகிர்வார்கள். மற்றவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள்.

பகிர்வதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. பால் லாசர்ஸ்ஃபெல்ட், ராபர்ட் மெர்ட்டன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1948-லேயே இதைக் கவனித்து எழுதினார்கள். ஒரு பிரச்சினையைப் பற்றி நிறையப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவர், அந்தத் தெரிந்துகொண்டதையே தான் செய்த காரியமாக எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடுகிறார் என்றார்கள். போதை மருந்தைப் போல ஊடகம் மனதை மரத்துப்போக வைக்கிறது என்பது அவர்கள் சொன்ன ஒப்பீடு. படத்தைப் பகிர்ந்தவருக்கு ரத்தம் கொடுத்த திருப்தியில் பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பிறகு மனது எப்படி மாறுகிறது? பெரும்பாலும் தெரிந்த மனிதர் மூலம்தான். 1940-ல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் லாசர்ஸ்ஃபெல்ட் குழு 600 பேரை மாதம்தோறும் சந்தித்துப் பேசியது. வானொலியும் பத்திரிகையும் ஓட்டை மாற்றுவதைப் பார்க்கலாம் என்று போனவர்களுக்குக் கிடைத்தது வேறு. கட்சி மாறியவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. பெரும்பாலானோருக்கு ஊடகம் முன்பே இருந்த கருத்தைத்தான் உறுதிப்படுத்தியது. ஊடகத்திலிருந்து சிலர் செய்தியை எடுத்துக்கொள்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்ற கருத்து அங்கிருந்து பிறந்தது. இருபடிப் பாய்வு என்பார்கள். அதே காலத்தில் அயோவா மாநிலத்தில் புதிய கலப்பின மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று ஆராய்ந்தபோதும் அப்படித்தான். பல விவசாயிகள் அந்த விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம். விதைக்கலாம் என்று துணிந்தது பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்து.

ஊடகச் செய்தியை எடுத்து மற்றவர்களிடம் சொல்லும் இந்தச் சிலரை இன்று பிரபலங்கள் என்று மொழிபெயர்த்து உங்களிடம் தனியாக ஒரு பட்டியல் விற்பார்கள். ஏமாற வேண்டாம். ஈரி கவுண்டியில் கண்டவர்கள் பிரபலங்கள் இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், விடுதியில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகும் பெண், குடும்பத்தில் மருத்துவ விஷயம் என்றால் எல்லாரும் கேட்கும் மாமா, இந்த மாதிரி ஆட்கள். உங்கள் முகாமில் போன முறை நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் யார் என்று பதிவேட்டைப் பாருங்கள். நீங்கள் தேடும் ஆள் அங்கே இருக்கிறார்.

ஊடகம் மட்டுமே தனியாக வேலை செய்த இடமும் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்சிக்காரர் அடுத்து இதைத்தான் எடுத்துப் போடுவார். 1943 செப்டம்பரில் கேட் ஸ்மித் என்ற பாடகி வானொலியில் ஒரே நாளில் சுமார் 18 மணி நேரம் திரும்பத் திரும்ப வந்து போர்க்காலக் கடன் பத்திரம் வாங்கச் சொல்லிப் பேசினார். 3.9 கோடி டாலருக்கு வாக்குறுதி குவிந்தது. பேச்சு தோட்டா மாதிரி பாய்ந்தது என்றுதானே தோன்றும்? மெர்ட்டன் அதைக் கேட்டவர்களிடம் போய் விசாரித்தார். நாடு போரில் இருந்தது. பலருடைய வீட்டிலிருந்து ஆள் போர்முனைக்குப் போயிருந்தார்கள். பத்திரம் வாங்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் முன்பே இருந்தது. அவர் பணத்துக்காகப் பேசவில்லை, உண்மையாகவே உடம்பை வருத்திக்கொள்கிறார் என்று நம்பினார்கள். எதிர்த்துப் பேசும் குரல் ஒன்றுகூட வானொலியில் இல்லை. செய்ய வேண்டியதும் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. மனது தயாராக இருந்து, நம்பிக்கையான குரல் கேட்டு, வேலையும் சின்னதாக இருந்தால் ஊடகம் தனியாகவே தள்ளிவிடும்.

உங்களிடம் அப்படி மனது தயாராக உள்ளவர்கள் யார்? முன்பு உங்கள் முகாமில் ரத்தம் கொடுத்தவர்கள். அவர்களுக்கு மூன்று நிமிடப் படம் தேவையே இல்லை. அடுத்த முறை கொடுப்பதற்கான இடைவெளி முடிந்துவிட்டது, இந்தத் தேதி, இந்த இடம், வருகிறீர்களா என்று ஒரு குறுஞ்செய்தி போதும். அவசரத்துக்கு ஒரு குறிப்பிட்ட ரத்த வகை கேட்டு வரும் செய்தியும் இந்த ரகம்தான். அதை வைத்துக்கொண்டு, இதுவரை ஊசியைக் கண்டே பயப்படும் ஆளையும் படம் கூட்டிவந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

1965-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தால் குழு செய்த சோதனையை உங்கள் குழுவில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். மாணவர்களுக்கு டெட்டனஸ் நோயைப் பற்றிக் கையேடு கொடுத்தார்கள். சிலருக்குப் பயங்கரமான படங்களோடு, சிலருக்கு மென்மையாக. பயந்தவர்கள் தடுப்பூசி அவசியம் என்று உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் 3 சதவீதம்தான். இன்னொரு பிரிவுக்குக் கையேட்டோடு வளாக வரைபடத்தில் சுகாதார மையத்தை வட்டமிட்டுக் கொடுத்து, எந்த நேரம் போகலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். இவர்களில் 28 சதவீதம் பேர் போனார்கள். சுகாதார மையம் எங்கே என்பது அந்த மாணவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆனாலும் அந்தச் சின்ன ஏற்பாடுதான் வித்தியாசம். உருக்கத்துக்கோ பயத்துக்கோ செலவு செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்: எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் ஆகும், காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாமா.

படம் எடுத்தே தீருவது என்றால் வசனத்தில் ஒன்றைக் கவனியுங்கள். "நம்மில் மிகச் சிலரே ரத்தம் கொடுக்கிறார்கள்" என்று தொடங்காதீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்காவில், பலரும் கல்லைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதிய பலகை வைத்த பாதையில், தரையில் வைத்த கற்களில் ஏறத்தாழ 8 சதவீதம் காணாமல் போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகை இருந்த இடத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் செய்வதில்லை என்று சொன்னால், செய்யாமல் இருப்பதே சகஜம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார்.

இப்போது அந்த 5 லட்சத்துக்கு வருவோம். வ்யூஸ் என்றால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சில தளங்களில் காணொளி தானாக ஓடி மூன்று விநாடி கடந்தாலே ஒரு வ்யூ. உங்கள் படத்தில் மூன்று விநாடிக்குள் ஆம்புலன்ஸ் கதவுகூடத் திறந்திருக்காது. விலைக்கு வாங்கும் வ்யூஸும் உண்டு. மனிதரே பார்க்காமல் எண்ணிக்கை மட்டும் ஏறும். உத்தரவாதம் என்ற சொல் வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், ஏனென்றால் உண்மையான பார்வையாளர்களை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது. பார்த்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்ற கணக்கு காட்டப்பட வேண்டும். முகாம் நடக்கும் இடத்துக்கு வர முடியாதவர் பார்த்து உங்களுக்கு என்ன பயன்? படம் போடும் சமூக ஊடகப் பக்கம் உங்கள் குழுவின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். ஏஜென்சி தன் கணக்கில் தொடங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் பக்கத்தையும் பின்தொடர்பவர்களையும் எடுத்துக்கொண்டு போனதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான்கு வருட உழைப்பு ஒரே நாளில் போனது. அந்தக் குழு திரும்ப எழவே இல்லை. கொடையாளர்களின் தொலைபேசி எண் பட்டியலை எந்தக் காரணத்துக்காகவும் ஏஜென்சியிடம் கொடுக்காதீர்கள்.

ஏஜென்சிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நிதி கொடுக்கும் அமைப்புகளின் அறிக்கைப் படிவத்தில் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை யூனிட் ரத்தம் கூடியது என்று கேட்கும் கட்டம் இல்லாத படிவங்களை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். சின்னக் குழுக்கள் அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் இந்த வலையில் போய் விழுகின்றன. எழுதிக் கேட்டால் படிவத்தை மாற்ற அதிகாரம் இல்லை என்று பதில் வருகிறது.

நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிப்பது, தொலைக்காட்சி உலகை வளர்ப்பது, மௌனச் சுருள் என்று ஸ்லைடில் வேறு ஊடகக் கோட்பாடுகளின் பெயர்களும் இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். அவை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் எல்லா ஊடகங்களும் சேர்ந்து ஒன்றையே சொல்லும்போது நடப்பவற்றைப் பற்றியவை. ஒரு படத்தால் அதெல்லாம் நடக்காது.

முன்பணத்துக்கு வருகிறேன். ஏஜென்சியோடு சண்டை போடாமல் வேலையை மாற்றிக் கேளுங்கள். மூன்று நிமிடப் படத்துக்குப் பதில், முன்பு ரத்தம் கொடுத்த நான்கைந்து பேர் தங்கள் சொந்தப் பேச்சில் பேசும் 40 விநாடித் துண்டுகள், ஒவ்வொன்றின் முடிவிலும் தேதி, இடம், வழி. எடிட் செய்யாத மூலக் காட்சிகளும் உங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டுகளைப் பொதுவில் போடுவதற்கு முன், பதிவேட்டில் கண்டுபிடித்த அந்த நான்கு பேரைக் கூட்டிவந்த ஆட்களுக்கு அனுப்பி, அவர்கள் தங்கள் குழுக்களில் தங்கள் வார்த்தையோடு அனுப்பட்டும். முடிந்தால் பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துப் பேசட்டும். 1956-ல் மராத்தி பேசும் மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் வானொலி கேட்டுவிட்டுக் கூடிப் பேசும் குழுக்கள் அமைத்தபோது, குழு இல்லாமல் வெறுமனே கேட்ட கிராமங்களைவிட அங்கே விஷயம் நன்றாகப் பதிந்தது. ஏஜென்சி இந்த மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முன்பணம் போனது போகட்டும். மீதியை முகாம் நாளன்று ஆட்களை அழைத்து வர வண்டிக்கும், வந்தவர்களைப் பொறுமையாகக் கவனித்துக்கொள்ள இரண்டு பேருக்கும் ஒதுக்குங்கள். அடுத்த முகாமில் ஒவ்வொருவரிடமும், யார் சொல்லி வந்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.