டான்ஸ் மிக்ஸ் ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே ஏன் இடைவெளி இருப்பதில்லை?

பல பாடல்களை நிறுத்தாமல், ஒன்றின் முடிவோடு அடுத்ததன் தொடக்கத்தைக் கலந்து, ஒரே நீண்ட ஓட்டமாகத் தருவதுதான் மிக்ஸ் ஆல்பம். சாதாரணத் தொகுப்பில் ஒரு பாட்டு முடிந்ததும் ஓரிரு நொடி மௌனம் வரும். உட்கார்ந்து கேட்பவருக்கு அது ஒன்றுமில்லை. ஆடுபவருக்கோ தாளம் நின்றால் காலும் நின்றுவிடும். கூட்டத்தை மறுபடி எழுப்புவது கஷ்டம்.

அதனால் டிஜே முதலில் இரண்டு பாட்டுகளின் வேகத்தையும் ஒன்றாக்குகிறார். ஹவுஸ் என்ற நடன இசை வகை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 தாள அடிகள். ஒன்று 124, மற்றது 126 என்றால் லேசாக முடுக்கினால் போதும். இசைத்தட்டில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். இன்றைய மென்பொருளில் சுருதியைத் தொடாமலே வேகத்தை மாற்றலாம். அப்புறம், நடனப் பாடல்களின் நீண்ட பதிப்புகள் பெரும்பாலும் வெறும் தாளத்தோடு தொடங்கி, தாளத்தோடே முடியும். குரல்மேல் குரல் விழாமல் கலப்பதற்கான இடம் அது. அழகான ஏற்பாடு!

தொடர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்த வீரர் நின்றுகொண்டு கோலை வாங்குவதில்லை; ஓடிக்கொண்டே, முன்னவரின் வேகத்தை எட்டும்போது வாங்குகிறார்.

சரி, பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று: மிக்ஸ் வேறு, ரீமிக்ஸ் வேறு. ரீமிக்ஸ் என்பது ஒரே பாட்டைப் புதிதாக மாற்றி அமைப்பது. மிக்ஸ் என்பது பல பாட்டுகளைக் கோப்பது.