யாருக்குத் தெரியாமல்?

கேள்வி: முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி, உலகத்துக்கே தெரியாமல் சோவியத் ரஷ்யாவுடன் கைகோத்து மீண்டும் ஆயுதம் சேர்த்ததை ராஜதந்திரத்தின் உச்சம் எனலாமா?
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: ‘உலகத்துக்கே தெரியாமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1919-ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு ஒரு லட்சம் வீரர்களை மட்டுமே அனுமதித்தது. டாங்கி, போர் விமானம், நீர்மூழ்கிக் கப்பல் மூன்றையும் தடை செய்தது. 1922 ஏப்ரலில் இத்தாலியின் ராப்பல்லோ நகரில் ஜெர்மனியும் ரஷ்யாவும் செய்துகொண்ட உடன்படிக்கை கடன் தள்ளுபடியையும் தூதரக உறவையும் பற்றியே பேசியது. ஆயுத விவகாரத்தை இரு தரப்புத் தளபதிகளும் திரைமறைவில் கவனித்துக்கொண்டார்கள். அதன் விளைவாக லிபெட்ஸ்க்கில் விமானிகளுக்கும் கஸான் அருகே டாங்கிப் படையினருக்கும் பயிற்சிப் பள்ளிகள் ரஷ்ய மண்ணிலேயே நடந்தன. அங்கே சோதிக்கப்பட்ட ஜெர்மன் டாங்கிகளுக்குக் காகிதத்தில் ‘இலகு டிராக்டர்’, ‘பெரிய டிராக்டர்’ என்று பெயர். பாலக்கோட்டு விவசாயி டிராக்டர் கடன் கேட்டுப் போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்று குடைந்தெடுப்பார்கள். 37 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய டிராக்டரைக் கொண்டு எந்த வயலை உழப் போகிறீர்கள் என்று ஜெர்மானியரிடம் கேட்க ஒரு கிளை மேலாளர்கூட இல்லாமல் போனார்.

ஆனால் விஷயம் வெளிவராமல் இல்லை. 1926 டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கார்டியன் நாளேடு அதை அச்சிட்டது; அதே மாதம் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஷைடமான் ஜெர்மன் நாடாளுமன்றத்திலேயே எழுந்து போட்டு உடைத்தார்; மறுநாள் அரசு கவிழ்ந்தது. வெற்றி பெற்ற நாடுகள் அதன்பின் சோதனையை இறுக்கியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 1927 ஜனவரி முடிவில் தங்கள் கண்காணிப்புக் குழுவையே திரும்ப அழைத்துக்கொண்டன. மாறாக, ரகசிய விமானப்படையைப் பற்றிய கட்டுரையைத் தம் வார இதழில் 1929-இல் வெளியிட்ட ஒஸ்ஸியெட்ஸ்கி என்ற ஆசிரியருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது ஜெர்மன் நீதிமன்றம். லண்டனுக்கும் பாரிஸுக்கும் தெரிந்துபோன செய்தியைத் தன் சொந்த மக்களுக்குச் சொன்னதே அவர் செய்த குற்றம். பத்திரிகையாசிரியன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் கோபம் உண்டு.

இதே வேலையைத் திப்பு சுல்தானும் செய்து பார்த்தார். 1792-இல் தோற்று, பாதி ராஜ்யத்தை இழந்தபோது கும்பெனியார் கைக்குப் போன பகுதிகளுள் ஒன்று, நீங்களும் நானும் குடியிருக்கும் இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகால். (ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பற்றி மணிக்கணக்கில் முழங்கிவிட்டுக் கிருஷ்ணகிரிக் கோட்டையை ஒரு வரியில்கூடத் தொடாத மேடைப் பேச்சாளர்களோடு எனக்குள்ள பழைய வழக்கு இன்னும் தீரவில்லை.) படை கேட்டுத் திப்பு மொரீஷியஸுக்கு ரகசியமாகத் தூதனுப்ப, அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் மலார்ட்டிக், 1798 ஜனவரியில், திப்புவுக்கு ஆள் சேர வாருங்கள் என்று பகிரங்கமாக அறிக்கையே வெளியிட்டுவிட்டார். வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். அந்த நூறு பேரைக் காரணம் காட்டிக் கும்பெனியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி படையெடுத்தார்; 1799 மே 4 அன்று திப்பு மாண்டார்.

இரண்டு ரகசியங்களும் அம்பலமாயின. வெல்லெஸ்லிக்குப் போர் தேவைப்பட்டது; 1926-இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அது தேவைப்படவில்லை. ஜெர்மானியர் தப்பியதற்கு அவர்களுடைய சாமர்த்தியத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். இல்லையென்றால், 1935 மார்ச்சில் ஹிட்லர் தம் விமானப்படையை வெளிப்படையாகவே அறிவித்த பிறகு, அதே ஆண்டு ஜூனில், பிரிட்டனே பிரான்சைக் கலந்துகொள்ளாமல், தன் கடற்படையில் 35 சதவீதம் வரை நீங்களும் வைத்துக்கொள்ளலாம் என்று ஜெர்மனியோடு கையெழுத்துப் போட்டிருக்குமா?