கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் யுரேனியம் போய்விடுமா?

கேள்வி: அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கேலப் நகரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு மாத கர்ப்பிணி. எங்கள் வீட்டில் நகராட்சிக் குழாய் நீர்தான். என்னோடு வேலை செய்யும், நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஆசிரியையின் அப்பா 1970களில் யுரேனியச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சிகரெட் பழக்கமே இல்லாதவர். நுரையீரல் தழும்பேறிப்போய் இப்போது ஆக்சிஜன் உதவியோடு இருக்கிறார். அவர்கள் வீட்டுக்குக் குழாய் இணைப்பு இல்லை. பக்கத்தில் உள்ள, காற்றாலையால் நீர் இறைக்கும் காற்றாடிக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். சில வார இறுதிகளில் நானும் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். என் குழந்தைக்கு ஆபத்து உண்டா? அந்தப் பெரியவரின் நோய்க்குச் சுரங்கம்தான் காரணமா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது அந்த வீட்டில் சாப்பிட்டதால் உங்கள் குழந்தைக்குக் கெடுதல் வந்திருக்கும் என்று பயப்பட வேண்டாம். தண்ணீரோடு வயிற்றுக்குள் போகும் யுரேனியத்தில் நூற்றில் ஓரிரு பங்குதான் ரத்தத்தில் கலக்கும். அதிலும் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரோடு வெளியேறிவிடும். கவலைப்பட வேண்டியது, அதே நீரைத் தினமும், வருடக்கணக்கில் குடிப்பவர்களைப் பற்றித்தான். அதாவது உங்கள் தோழியின் குடும்பத்தைப் பற்றி.

கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும். யுரேனியமும் ஆர்சனிக்கும் கரைந்திருக்கும் தாதுக்கள். அவை கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகிப் பாத்திரத்தில் எஞ்சுவதில் அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். பாதுகாப்பு என்று நம்பி அவர்கள் செய்வது பலன் தரவில்லை என்பதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஜாடியில் பொருத்தும் சாதாரணக் கரி ஃபில்டரையும் இதற்கு நம்ப முடியாது. ஆர்.ஓ. முறை யுரேனியத்தைப் பெருமளவு நீக்கும். ஆனால் குழாய் இணைப்பே இல்லாத வீட்டில் ஆர்.ஓ. வைப்பது எளிதல்ல. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது, பரிசோதனை செய்யப்பட்ட பொது விநியோக நிலையத்திலிருந்து தண்ணீர் பிடித்துவருவதுதான் வழி. காற்றாடிக் கிணறுகள் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காகத் தோண்டப்பட்டவை. குடிநீருக்கான பரிசோதனை அவற்றுக்கு நடப்பதில்லை. அமெரிக்கச் சட்டப்படி பொதுக் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் யுரேனியமும் 10 மைக்ரோகிராம் ஆர்சனிக்கும்தான் உச்ச வரம்பு. நவஹோ நாடு என்று அழைக்கப்படும் அந்த மக்களின் தன்னாட்சிப் பகுதியில் பரிசோதிக்கப்பட்ட கிணறுகளில் பல இந்த இரண்டில் ஒன்றையாவது தாண்டியிருந்தன. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் குழாய் நீர் இல்லை. ஆகவே இது ஏதோ ஒரு குடும்பத்தின் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

யுரேனியம் என்றதும் எல்லோருக்கும் கதிர்வீச்சுதான் நினைவுக்கு வரும். குடிநீரைப் பொறுத்தவரை அது முதல் ஆபத்து அல்ல. ஈயம், காட்மியம் போல யுரேனியமும் ஒரு கன உலோகம். சிறுநீரகத்தில் ரத்தம் வடிகட்டப்பட்ட பிறகு, உடலுக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் நுண்குழாய்கள் உண்டு. யுரேனியம் சேதப்படுத்துவது அவற்றின் செல்களைத்தான். நோயாளிக்கு வலியோ வீக்கமோ எதுவும் தெரியாது. நவஹோ மக்களிடம் சர்க்கரை நோயும் மிக அதிகம். அதுவும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். இரண்டும் ஒரே உடலில் சேரும்போது எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் மருத்துவம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்த வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் மூன்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது.

இனி அந்தப் பெரியவர். அவருடைய எக்ஸ்ரேயைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எந்த மருத்துவரின் மனமும் சுரங்கத்துக்குத்தான் போகும்.

யுரேனியப் பாறையிலிருந்து ரேடான் என்ற வாயு ஓயாமல் கசிகிறது. நிறமில்லை, மணமில்லை. ரேடானை மட்டும் சுவாசித்தால் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடும். ஆனால் அது சிதைந்து உருவாகும் பொலோனியம் போன்ற திடப்பொருட்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு, மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிந்துவிடும். அங்கிருந்து அவை வீசும் ஆல்பா துகள்களால் நம் மேல்தோலைக்கூடத் தாண்ட முடியாது. மூச்சுக்குழாயில் அப்படி ஒரு கவசம் இல்லை. உயிருள்ள செல்கள் அங்கே நேராக அடி வாங்குகின்றன. பதினைந்து, இருபது வருடங்கள் கழித்துப் புற்றுநோய் தலைகாட்டும். கூடவே மணற்பாறையை வெடிவைத்து உடைக்கும்போது எழும் சிலிக்கா தூசி. நுரையீரல் தழும்பேற அது ஒன்றே போதும்.

காற்றோட்டத்துக்கு நல்ல விசிறிகள் இருந்தால் ரேடானைப் பெருமளவு வெளியேற்றிவிடலாம். அந்தச் சுரங்கங்கள் பலவற்றில் அது இல்லை. வெடி வைத்ததும் புகை அடங்குமுன்னே ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். பாறையிலிருந்து சொட்டிய நீரையே அவர்கள் குடித்தார்கள். தூசி படிந்த அதே உடையோடு வீட்டுக்குப் போனார்கள். அதை மனைவிமார் கையால் துவைத்தார்கள். 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து சுமார் 3 கோடி டன் தாது வெட்டி எடுக்கப்பட்டது. அணுகுண்டுகளுக்காக அதை வாங்கியது அமெரிக்க அரசு. 1971 வரை அரசு மட்டும்தான்.

ஒரு மருத்துவனாக என்னை மிகவும் வேதனைப்படுத்துவது இதுதான்: இந்த ஆபத்து யாருக்கும் தெரியாத ஒன்றாக இருக்கவில்லை. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் நுரையீரல் புற்றுநோயால் சாவதை 1879-லேயே இரண்டு மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை 1950-ல் இந்தச் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எதற்காக என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. தொழிலாளர்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது சுரங்கத்துக்குள் அனுமதிப்பதற்கு நிறுவனங்கள் போட்ட நிபந்தனை. ஆய்வாளர்கள் அதற்கு உடன்பட்டார்கள். நோயாளியிடம் உண்மையைச் சொல்லாத பரிசோதனையை மருத்துவம் என்று என்னால் ஏற்க முடியாது. 1960களின் தொடக்கத்தில் புற்றுநோய் எண்ணிக்கை கூடுவது அச்சிலேயே வந்துவிட்டது. அப்படியும் ரேடானுக்கு மத்திய அரசு முதல் வரம்பு விதித்தது 1967-ல்தான். அதற்குள் ஷிப்ராக், கோவ், ரெட் வேலி போன்ற நவஹோ ஊர்ப்பக்கங்களில் இளம் விதவைகள் பெருகியிருந்தார்கள்.

பின்னாளில் வந்த ஓர் ஆய்வு 1969 முதல் 1993 வரை நியூ மெக்சிகோ, அரிசோனா நவஹோ ஆண்களிடம் கண்டறியப்பட்ட 94 நுரையீரல் புற்றுநோய்களை ஆராய்ந்தது. அவர்களில் 63 பேர் முன்னாள் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்கள். மற்ற நவஹோ ஆண்களோடு ஒப்பிட்டால் ஆபத்து 28 மடங்குக்கும் மேல். புகைபிடிப்பது மிகக் குறைவாக இருந்த ஒரு சமூகத்தில் இந்தக் கணக்கு என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் தோழி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம் என்று 1990-ல் வந்த சட்டம் 2024 ஜூனில் காலாவதியாகி, 2025 ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது. சுரங்கத்தில் குறைந்தது ஓராண்டு வேலை செய்து, நுரையீரல் தழும்பு, சிலிக்கோசிஸ் (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்), நுரையீரல் புற்றுநோய் போன்றவை வந்திருந்தால் 1 லட்சம் டாலர் கிடைக்கும். தொழிலாளி இறந்துவிட்டிருந்தால் மனைவியோ பிள்ளைகளோ கேட்கலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31. வேலை பார்த்ததற்கான ஆதாரம், எக்ஸ்ரே, நுரையீரல் செயல்திறன் பரிசோதனை முடிவு எல்லாம் கேட்பார்கள். தேடி எடுக்க மாதங்கள் ஆகலாம். முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்து, இந்த விண்ணப்பத்துக்கும் உதவும் அரசு நிதி பெற்ற கிளினிக்குகள் அந்தப் பகுதியில் உண்டு. பெரியவரின் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் போட்டிருக்கிறாரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நுரையீரலால் இன்னொரு தொற்றைத் தாங்க முடியாது.

சுரங்கம் மூடியதோடு கதை முடியவில்லை. கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் 500-க்கு மேல். உங்கள் ஊரை ஒட்டியே, 1979 ஜூலை 16 அன்று, சர்ச் ராக் யுரேனிய ஆலையின் கழிவுக் குளத்துக் கரை உடைந்தது. சுமார் 35 கோடி லிட்டர் அமிலக் கழிவுநீரும் 1,100 டன் கதிரியக்கக் கழிவும் புவெர்கோ ஆற்றில் கலந்து கேலப் வழியாக ஓடின. ஆடு மேய்ப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அன்றாடம் பழகிய ஆறு அது. சுரங்கக் கற்களை வைத்துக் கட்டிய வீடுகளும் உண்டு. உங்கள் தோழியின் வீட்டுச் சுவருக்கும் தரைக்கும் கல் எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் சுற்றுச்சூழல் துறை வந்து அளந்து பார்க்கும். பழைய சுரங்க மேடுகளில் மேய்ந்த ஆட்டின் சிறுநீரகம், ஈரல், எலும்பு சூப் இவற்றை நீங்கள் தவிர்ப்பது நல்லது. உடலுக்குள் போகும் யுரேனியம் எலும்பிலும் சிறுநீரகத்திலும்தான் தங்கும்.

அதே சமயம், நவஹோ மக்களுக்கு வரும் எல்லா நோயையும் யுரேனியத்தின் தலையில் கட்டவும் கூடாது. சில குழந்தைகளுக்குக் கல்லீரலும் நரம்புகளும் சேர்ந்து பழுதாகும் ஓர் அரிய நோய் அங்கே உண்டு. யுரேனியம்தான் காரணமோ என்று ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள். 2006-ல் அது ஒரு மரபணுக் கோளாறு என்று தெரியவந்தது. அந்தத் தாய்மார்கள் தாங்கள் குடித்த தண்ணீரை எண்ணி எத்தனை வருடம் தங்களையே நொந்துகொண்டார்களோ!

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, 2010 முதல் நவஹோ தாய்மார்களையும் குழந்தைகளையும் ஒரு பெரிய ஆய்வு தொடர்ந்து கவனித்துவருகிறது. ஏறத்தாழ கால்வாசிப் பெண்களின் சிறுநீரில் யுரேனியத்தின் அளவு, பொது அமெரிக்க மக்களில் மிக அதிக அளவுள்ள 5 சதவீதத்தினருக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ இருந்தது. சில பிறந்த குழந்தைகளிடமும் அது காணப்பட்டது. இந்த அளவுகள் குழந்தையின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கின்றன என்று இன்னும் ஆராய்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. உங்கள் நகராட்சி ஆண்டுதோறும் தண்ணீர்த் தர அறிக்கை வெளியிடும்; அதில் யுரேனியம், ஆர்சனிக் அளவுகளைப் பாருங்கள். தோழி வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். போகும்போது இரண்டு கேன் தண்ணீர் எடுத்துப் போங்கள்; சமையலுக்கும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். வீட்டில் ரேடான் பரிசோதனை கிட் ஒன்று வாங்கி, கீழ்த்தளத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் காற்றில் 4 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் காட்டினால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிச் சரிசெய்ய வைக்க வேண்டும். கணவருக்குச் சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ரேடானும் புகையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். அடுத்த செக்கப்பில், அந்தக் கிணற்று நீர் குடித்ததை மருத்துவரிடம் சொல்லி, தேவையென்றால் சிறுநீரில் யுரேனியம் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த பிறகு தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒருவேளை புட்டிப்பால் கலக்க நேர்ந்தால் மட்டும், எங்கே தங்கியிருந்தாலும், பரிசோதிக்கப்பட்ட தண்ணீரிலேயே கலக்குங்கள்.