93 புள்ளி நியாயமா? ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2’ வாங்கும் முன்

கேள்வி: கொட்டகலையில் இருக்கிறேன். ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ என்ற கணினி கேமின் முதல் பாகத்தை முடித்துவிட்டேன். இரண்டாம் பாகத்துக்கு, ரிவ்யூக்களின் சராசரிப் புள்ளியைக் காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 93 என்று போட்டிருக்கிறது. கூட்டாளிமாரோ, “கவசத்தைக் கொண்டுவந்து சண்டையையே கெடுத்துட்டானுங்க” என்கிறார்கள். ரிவ்யூக்காரர்கள் புள்ளியை அள்ளிக் கொடுத்துவிட்டார்களா? 60 ஜிபி டேட்டாவைச் செலவழிக்கப் பெறுமதியா?

பதில்: புள்ளி நியாயமானதுதான். உங்கள் கூட்டாளிமாரின் முறைப்பாட்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்தால் வாங்குவதா விடுவதா என்பதை நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

முதல் பாகத்தில் எதிரியைக் கீழே தள்ளுவதும் உறைய வைப்பதும் அதிர்ஷ்டக் கணக்கு. 70 வீதம் என்று காட்டும், தவறிப்போகும். இரண்டாம் பாகத்தில் அந்தப் பகடையை எடுத்துவிட்டு இரண்டு கவசங்களை வைத்தார்கள். உடல் கவசம் இருக்கும்வரை எதிரியைக் கீழே தள்ள முடியாது, இரத்தம் கசிய வைக்க முடியாது, கோழியாக மாற்றவும் முடியாது. மந்திரக் கவசம் இருக்கும்வரை உறைய வைக்கவோ மின்னலால் செயலிழக்க வைக்கவோ முடியாது. கவசம் பூச்சியத்துக்கு இறங்கியதும் எல்லாம் பலிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எதிரிக்கு உடல் கவசம் 40, மந்திரக் கவசம் 40, உயிர் 60 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நால்வரும் வாள், வில் என்று ஒரே வகையில் அடித்தால் 100 சேதத்தில் ஆள் முடிந்தான். இருவர் வாளும் இருவர் மந்திரமுமாகச் சமமாக அடித்தால் இரண்டு கவசத்தையும் உரிக்கவே 80 போகும், உயிருக்கு இன்னும் 60. மொத்தம் 140. முதல் பாகத்துப் பழக்கத்தில் எல்லா வகையிலும் ஒவ்வொருவராகக் குழு சேர்த்தவர்கள் இங்கேதான் அடிவாங்கி எரிச்சலடைந்தார்கள். எரிச்சல் நியாயமானதுதான்.

ஆனால் எல்லா எதிரிக்கும் கவசம் சமமாக இருப்பதில்லை. இரும்புச் சட்டைக்காரனுக்கு உடல் கவசம் 80, மந்திரக் கவசம் 20 என்று இருந்தால், அவனை வாளால் வீழ்த்த 140 வேண்டும். உங்கள் மந்திரவாதிக்கு 80 போதும். அங்கியோடு நிற்கும் மந்திரவாதி எதிரிக்கு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஆக, கலப்புக் குழு தோற்பதற்குக் காரணம் கலப்பு இல்லை, நால்வரும் ஒரே ஆளைச் சூழ்ந்துகொள்வது. அடிக்கும் முன் எதிரியின் மேல் சுட்டியை வைத்து இரண்டு கவசத்தையும் பார்ப்பது பழக்கமாகிவிட்டால் முறைப்பாட்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். மிச்சமிருக்கும் குறை உண்மையானது: சண்டையின் முதல் ஒன்றிரண்டு சுற்று வெறும் தோலுரிப்பாகவே போகிறது. நல்ல ரிவ்யூ அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்களுக்கு அந்தக் கணக்கே வேண்டாம் என்றால் நால்வரையும் உடல் சேதப் பக்கம் வைத்துவிடுங்கள். அதற்காக மந்திரவாதியைத் துரத்த வேண்டியதில்லை. நெக்ரோமான்ஸி என்ற மரண மந்திரங்கள் உடல் சேதம்தான் தரும். இரத்தம் சிந்திய தரையில் அழைக்கப்படும் இன்கார்னேட் என்ற துணை உருவமும் அப்படியே. வார்ஃபேர் என்ற போர்த்திறனில் போடும் ஒவ்வொரு புள்ளியும் உடல் சேதத்தைக் கூட்டுவதால் வில்லாளிக்கும் கத்திக்காரனுக்கும்கூட அதில்தான் முதலில் போட வேண்டும். பெயரைப் பார்த்து அது வாள்வீரனுக்கு மட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். மேட்டில் நின்று எய்தால் சேதம் கூடும் என்பதை மலைநாட்டுக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு முறைப்பாடு, “திடீரென்று எதிரி மலை மாதிரி ஆகிவிடுகிறான்” என்பது. இங்கே ஒவ்வொரு லெவலுக்கும் ஆயுதச் சேதமும் உயிரும் வேகமாக ஏறும். செத்த எதிரி திரும்பி வரமாட்டான், எனவே ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி அடித்து லெவல் ஏற்றவும் முடியாது. உங்களைவிட இரண்டு லெவல் கூடிய இடத்துக்குப் போய்விட்டால் தந்திரம் எடுபடாது, திரும்பி வந்து விட்டுப்போன வேலைகளை முடிப்பதுதான் வழி. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் வியாபாரிகளிடம் புதுச் சரக்கு வரும். காசு குறைவென்றால் ஆயுதத்தை மட்டும் புதுப்பியுங்கள், தொப்பியும் சப்பாத்தும் பொறுத்திருக்கட்டும். புள்ளிகளைத் தப்பாகப் போட்டுவிட்டீர்களா? இரண்டாம் அத்தியாயத்திலிருந்து உங்கள் குழுவின் கப்பலில் இருக்கும் கண்ணாடியில் எத்தனை தடவையும் இலவசமாக மாற்றலாம்.

கதைப் பக்கம் வந்தால், யார் சொன்னது என்பதைவிட எப்போது சொன்னது என்று பாருங்கள். கேம் வெளிவந்தது 2017 செப்டம்பர் 14. கடைசிப் பகுதியான ஆர்க்ஸ் நகரம் அப்போது அரைவேக்காடு. வேலைக்குறிப்பேடு குழம்பும், கதை அவசரமாக முடியும். 2018 ஆகஸ்ட் 31இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற திருத்திய பதிப்பில், கேமை உருவாக்கிய லேரியன் நிறுவனமே அந்தப் பகுதியைத் திருத்தி எழுதியது. பழைய கணினிப் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. திருத்தி எழுத வேண்டியிருந்தது என்றால் 2017 ரிவ்யூக்கள் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் மென்மையாகத் தாண்டிவிட்டன என்றுதான் அர்த்தம். அதே நேரம், ஆர்க்ஸைப் பற்றிய அந்தக் காலத்து முறைப்பாடுகளும் இன்றைக்குப் பெரும்பாலும் காலாவதி. கவச முறை மட்டும் மாறவில்லை.

இன்னொன்று, இந்த கேமுக்கு 2018இல் கிடைத்த பிரிட்டனின் பாஃப்டா விருது பலர் சேர்ந்து விளையாடும் பிரிவில்தான். நால்வர் சேர்ந்து விளையாடும் கலாட்டாவை நினைத்துக் கொடுக்கப்படும் பாராட்டைத் தனியாக விளையாடுகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் ஒரே திரையைப் பிரித்து இருவர் விளையாடலாம், அதற்கு டேட்டா தேவையில்லை.

இனி 60 ஜிபி. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். மலைச்சரிவில் சிக்னல் இறங்கி 4 மெகாபிட் ஆனால் சுமார் 33. உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் இறக்குங்கள், நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கிய கேமைத் திருப்பிக் கொடுக்க 14 நாளும் 2 மணித்தியால விளையாட்டும்தான் எல்லை. நாள் எண்ணத் தொடங்குவது வாங்கிய அன்றிலிருந்து, இறக்கி முடித்த அன்றிலிருந்து அல்ல. பாத்திரம் உருவாக்கி முதல் கப்பலைத் தாண்டவே ஒரு மணித்தியாலம் போய்விடும். மெனுவைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் அதுவும் கணக்கில் சேரும். கொக் (GOG) என்ற இன்னோர் இணையக் கடையில் 30 நாள் தருகிறார்கள், மெதுவான இணைப்புக்காரருக்கு அதுதான் வசதி. முழுவிலை 44.99 டொலர், தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருந்தால் நன்றாகவே குறையும்.

லெப்டொப்பில் குறைந்தது ஐ5 புரொசெசர், 4 ஜிபி ரெம், ஜிடிஎக்ஸ் 550 தரத்திலாவது தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சோதிக்கும்போது நின்று பார்க்காதீர்கள், ஒரு சண்டையில் எண்ணெயைக் கொட்டித் தீ வையுங்கள். தரை முழுக்க எரியும்போது படம் தடுமாறினால் முதலில் நிழலைக் குறையுங்கள், பிறகு திரைத் தெளிவைக் குறையுங்கள். அப்படியும் ஓடாவிட்டால் நாள் தாண்டுவதற்குள் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.