கடற்கரையில் தொடங்குங்கள், மெதுவாக மேலே ஏறுங்கள்

(சென்ற இதழில் தென் அமெரிக்க பஸ் பயணம் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில்.)

கேள்வி: ஒரு வேலையை விட்டு அடுத்த வேலையில் சேர்வதற்குள் 2 மாதம் கிடைத்திருக்கிறது, ஜூனில் கிளம்பலாம். பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா, பிரேசில் ஐந்தையும் உள்ளே விமானமே ஏறாமல் பஸ்ஸிலேயே சுற்றிவர முடியுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: சுற்றலாம், ஆனால் சுற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து நாடாகத் தெரிவதை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரேசில் ஒன்றே இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு பெரிது. சிலியின் நீளம் சுமார் 4,300 கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டும். ஐந்தையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் பாதி இரவுகள் பஸ்ஸில்தான் கழியும், காலையில் இறங்கியதும் தூக்கம்தான் வரும், ஊர் எங்கே பார்ப்பது?

பிரேசிலை இன்னொரு முறைக்கு வையுங்கள். ஜூன், ஜூலை என்றால் ஆண்டீஸ் மலையில் மழை இல்லாத காலம், குளிர் உண்டு, ஆனால் வானம் துடைத்து வைத்ததுபோல இருக்கும். அதே மாதங்களில் தெற்குக் கோடியான பட்டகோனியாவில் கடுங்குளிர், பகல் மிகக் குறைவு, நடைபாதைகள் பலவும் பனியில் கிடக்கும். அங்கே போக டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான நேரம், ஏனென்றால் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் கோடையும் குளிர்காலமும் நமக்கு நேர்மாறு. ஆகவே உங்கள் 2 மாதத்துக்கு பெரு, பொலிவியா, வட சிலி, அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலை, இவ்வளவு போதும்.

பெருவின் தலைநகர் லிமாவில் இறங்குங்கள். அது கடற்கரை ஊர். அங்கிருந்து கடலோரப் பாலைவனத்தைப் பிடித்து இகா, நாஸ்கா வழியாக அரெகிப்பா, அது சுமார் 2,300 மீட்டர் உயரம். வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டிய ஊர், தெருக்கோடியில் மிஸ்தி எரிமலை நிற்கும். அங்கே நாலைந்து நாள் இருந்துவிட்டு குஸ்கோ (3,400), பிறகு திதிகாகா ஏரிக்கரையில் புனோ (3,800), ஏரியைத் தாண்டி பொலிவியாவின் லா பாஸ், உயுனி, அங்கிருந்து சிலியின் சான் பெத்ரோ தே அட்டகாமாவுக்கு இறக்கம் (2,400), கடைசியாக மலையைத் தாண்டி அர்ஜென்டினாவின் சால்தா. இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த மண்டலத்தில் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எத்தனை மீட்டர் உயரம் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது, உங்கள் தலைவலி, பசி, தூக்கம், தட்டில் விழும் சாப்பாடு, வீட்டுக் கூரை எல்லாமே. நேராக விமானத்தில் லா பாஸ் போய் இறங்குகிறவர்கள் 4,000 மீட்டருக்கு மேலே எல் ஆல்டோ விமான நிலையத்தில் காலை வைக்கிறார்கள், முதல் இரண்டு நாள் படுக்கையோடு போய்விடுகிறது. பஸ்ஸில் படிப்படியாக ஏறுகிறவருக்கு உடம்பும் ஊரோடு சேர்ந்து ஏறும்.

இன்னொன்று. ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முன்னால் 3 நாளாவது சும்மா வைத்திருங்கள். பொலிவியாவிலும் பெருவிலும் கோரிக்கைக்காகச் சாலையில் கல்லடுக்கி மறிப்பது அடிக்கடி நடக்கும், 'ப்ளோகேயோ' என்பார்கள். ஒருமுறை எங்கள் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு மறியலைக் கடந்து ஒன்றரை மணி நேரம் நடந்தோம், அந்தப் பக்கம் நின்ற வேறொரு வண்டியில் ஏறினோம். மறியலில் உட்கார்ந்திருந்த பெண்கள் வழிவிட்டு, தண்ணீரும் கொடுத்தார்கள்.

கேள்வி: எனக்கு ஏற்காடு ஏறும்போதே வாந்தி வந்துவிடும். நான் எப்படி 3,800 மீட்டர் போவது?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: அது வேறு, இது வேறு அம்மா. ஏற்காட்டில் வருவது கொண்டைஊசி வளைவால் வருவது, ஏற்காடே 1,500 மீட்டர்தான். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் ஆரம்பிக்கும். ஊட்டியே அதற்குக் கீழே என்பதால் நம்மில் பெரும்பாலோருக்கு அது பழக்கமே இல்லை. அங்கே அதை 'சொரோச்சே' என்கிறார்கள். தலைவலி, பசியின்மை, இரவில் தூக்கம் வராமல் புரள்வது, நாலு படி ஏறினால் மேல்மூச்சு, இதெல்லாம் வரும், ஓரிரு நாளில் அடங்கும். இளைஞர், உடற்பயிற்சி செய்கிறவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

போன முதல் நாள் எந்தக் கோட்டையும் ஏறாதீர்கள், இரவு வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், மது வேண்டவே வேண்டாம். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது, ஆனால் உங்கள் மருத்துவரிடம் கேட்டபிறகுதான், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பாருங்கள். தங்கும் விடுதிகளில் வெந்நீரும் கோகா இலையும் வைத்திருப்பார்கள், அங்கே அது நம் சுக்குக் காபி மாதிரி, தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் ஒரு இலைகூடப் பையில் ஊருக்குக் கொண்டுவரக் கூடாது, நம் நாட்டில் அது குற்றம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், கீழே இறங்க வேண்டும், மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?
- ஒரு தம்பதி, கும்பகோணம்

பதில்: பட்டினி இல்லை, ஆனால் 'சின் கார்னே' என்று மட்டும் சொல்லாதீர்கள். அகராதிப்படி 'இறைச்சி இல்லாமல்' என்றாலும், கடைகளில் 'கார்னே' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி, ஆகவே அது இல்லாமல் கோழியைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை. 'கார்னே, போய்யோ (கோழி), பெஸ்காதோ (மீன்) எதுவும் சாப்பிட மாட்டேன்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப் வந்தால் எலும்பு வேகவைத்த நீரா என்று கேளுங்கள், கீன்வா என்ற அந்த ஊர்த் தானியத்தில் செய்யும் சூப்பில்கூட அப்படித்தான் இருக்கும். சந்தைக்குள் போனால் கவலையில்லை: சோறு, பொரித்த முட்டை (சாப்பிடுவீர்கள் என்றால்), வெண்ணெய்ப்பழம், ரொட்டி, அவித்த சோளம். 'உமிதா' என்று பச்சைச் சோளத்தை அரைத்துச் சோள மடலில் பொதிந்து வேகவைப்பார்கள், பூவரசு இலைக் கொழுக்கட்டை நினைவுக்கு வரும். பலவற்றில் உள்ளே பாலாடைக்கட்டி இருக்கும்.

அப்புறம் உருளைக்கிழங்கு. அதன் தாய்நாடே அந்த மலைதான். கறுப்பு, ஊதா, மஞ்சள், விரல் மாதிரி, முடிச்சு முடிச்சாக என்று சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். அதில் 'சுன்யோ' என்று ஒன்று, பார்த்தால் கூழாங்கல் மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் எடையே இருக்காது. ஜூன் மாதக் குளிரில் கிழங்கை இரவெல்லாம் தரையில் பரப்பி உறையவிட்டு, வெயில் ஏறியதும் வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மறுபடி காயவைத்து, இப்படிப் பல நாள். நாம் வெயிலில் வற்றல் போடுகிறோம், அவர்கள் பனியும் வெயிலும் மாறிமாறி வரவைத்து வற்றல் போடுகிறார்கள். வருடக்கணக்கில் கெடாது. நம் சமையலறையில் இருக்கும் மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவைதான், அதனால் அங்கே சந்தையில் நிற்கும்போது அந்நியமாகவே தோன்றாது.

கேள்வி: விசா, தடுப்பூசி?
- பலர்

பதில்: விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்க விசாவோ ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவோ இருந்தால் சில நாடுகளில் சலுகை உண்டு. அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பெரு, பொலிவியா போய்விட்டுச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். எல்லையில் நுழைவு முத்திரை குத்தினார்களா என்று பஸ் ஏறும் முன்பே திறந்து பாருங்கள். டாலர் நோட்டில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் பொலிவியாவில் வாங்க மாட்டார்கள். சிலி எல்லையில் பழம், விதை எதையும் மறைக்காதீர்கள், அபராதம் கடுமை.

கேள்வி: அக்கா, உயுனி உப்புப் பாலைவனம் கண்ணாடி மாதிரி தெரியும் படங்களைப் பார்த்தேன். எப்போது போனால் அப்படி இருக்கும்? அங்கிருந்து ஜீப்பில் 3 நாள் போவது அவசியமா, பஸ்ஸில் போகக் கூடாதா?
- ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, கண்ணாடி வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, மழைநீர் மெல்லியதாகத் தேங்கும்போது. ஆனால் அப்போது தண்ணீர் அதிகமானால் நடுவில் கள்ளிச்செடி நிற்கும் இன்காவாசி தீவுக்கு ஜீப் போகாது. மற்ற மாதங்களில் வறண்ட வெள்ளைத் தரை, அதில் அறுகோணக் கட்டங்கள், 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வறண்டதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன், கட்டத்தின் ஓரம் மேடாக, ரம்பம்போலச் சொரசொரவென்று இருந்தது, நாக்கில் வைத்தால் நம் கல்லுப்பேதான். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதே, கண் போய்விடும்.

எந்த இடத்திலும் பஸ்ஸில் போகச் சொல்கிற நான், இந்த ஒரு இடத்தில் ஜீப்பில்தான் போகச் சொல்வேன், ஏனென்றால் சிலி வரைக்குமான அந்த ஓரத்தில் சாலை என்று ஒன்று ஒழுங்காக இல்லை, மண்தடம்தான். ஆறு பேர் சேர்ந்தால் செலவு தாங்கும். ஏறும் முன் டயரையும், ஸ்டெப்னியையும், ஓட்டுநர் நிதானமாக இருக்கிறாரா என்பதையும் பார், கூச்சப்படாதே. இரவு பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிகூடப் போகும், தூங்கும் பையை வாடகைக்கு எடுத்துக்கொள். இரண்டாம் நாள் லகுனா கொலராடா: பாசியாலும் தாதுக்களாலும் சிவந்த ஏரி, அதில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் விடியும் முன் எழுப்பிவிடுவார்கள், 4,800 மீட்டருக்கு மேலே தரை பிளந்து ஆவி கக்கும் இடம், சேறு கொதிக்கும் சத்தம் அடுப்பில் களி கொதிப்பது மாதிரியே இருக்கும். தடுப்புக் கம்பி கிடையாது, விளிம்புக்குப் போகாதே.

அப்புறம் எல்லை. 4,400 மீட்டருக்கு மேல் மொட்டைக் காட்டில் ஒரு சின்னக் கட்டடம், முத்திரை, அந்தப் பக்கம் சிலி நாட்டு வண்டி. தார்ச்சாலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் 2,000 மீட்டர் இறங்கிவிடும். காது அடைத்து அடைத்துத் திறக்கும். நான் முதலில் குல்லாவைக் கழற்றினேன், பிறகு கையுறை, பிறகு ஸ்வெட்டர். சான் பெத்ரோவில் இறங்கியபோது சட்டையோடு நின்று, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக மூச்சை முழுசாக இழுத்து விட்டேன்.