கேள்வி நேரம்: நெல்லைச் சீமையின் பழங்கட்டடங்கள்

கேள்வி: தினமும் நான் கடந்து செல்லும் ஆற்றுப்பாலத்தைச் சுலோச்சனா என்ற அம்மையார் கட்டியதாகவே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அவர் ஆண் என்று என் மகள் பள்ளியில் கேட்டு வந்து சொல்கிறாள். எது சரி? (வாசகி, வண்ணார்பேட்டை)

பதில்: தங்கள் மகள் சொல்வதே சரி. சுலோச்சன முதலியார் கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், சிரஸ்தார் என்னும் தலைமை எழுத்தராக இருந்தவர். அக்காலத்தில் நெல்லையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக வேண்டுமானால் தாமிரபரணியில் ஓடத்தை நம்பித்தான் இறங்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். தாம்சன் கலெக்டராக இருந்தபோது பாலம் கட்டுவதென்று முடிவாகி, கேப்டன் ஹார்ஸ்லி வரைபடம் வகுத்து, செலவு சுமார் 50,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஊராரிடம் பணம் திரட்டும் பொறுப்பை ஏற்ற முதலியார், ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் நிற்பதைக் காட்டிலும் தாமே கொடுத்துவிடுவது மேல் என்று துணிந்து முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார் என்றும், அவருடைய மனைவி தம் நகைகளைக் கழற்றித் தட்டில் வைத்துக் கொடுத்தார் என்றும் இங்கே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தட்டு வெள்ளித்தட்டா என்ற ஆராய்ச்சியில் எனக்கு அக்கறை இல்லை. பதினொரு வளைவுகளோடு 1843இல் திறக்கப்பட்ட பாலம் நிற்கிறது. அதற்குக் கொடுத்தவரின் பெயரும் நிற்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1869ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் இந்தப் பாலத்தின் வளைவுகளில் சில இடிந்து போய், பிறகு திரும்பக் கட்டப்பட்டன. போக்குவரத்து பெருகிய காலத்தில் பாலத்தை அகலப்படுத்தவும் செய்தார்கள். ஆகவே இன்று நாம் கடப்பது முதலியார் கண்ட பாலம் மட்டுமன்று. கோடையில் ஆற்றில் நீர் வற்றியிருக்கும்போது கொக்கிரகுளம் பக்கம் மணலில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால், மேலே ஓடும் பேருந்துகளை மறந்து அந்த வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டதால் பழையதன் சுமை இப்போது சற்றுக் குறைந்திருக்கிறது.

கேள்வி: பாளையங்கோட்டையில் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்று சொல்வது ஊசிக்கோபுரத்தைத்தானே? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: இல்லை. பாளையங்கோட்டைக்காரர்களே சிலர் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. பாப்பாத்தியம்மாள் கோயில் என்பது குளோரிந்தா ஆலயம். தஞ்சைப் பக்கத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, விதவையாகி, இங்கு வந்து 1778இல் கிறிஸ்தவ மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்ற அம்மையார், அன்றைய கோட்டை எல்லைக்குள் 1785இல் எழுப்பிய சிறிய ஆலயம் அது. மதம் மாறிய பிறகும் ஊர் அவரைப் ‘பாப்பாத்தியம்மாள்’ என்றே அழைத்தது. அவர் வெட்டிய கிணற்றுக்கும் அதே பெயர்தான். ஊசிக்கோபுரம் அதற்கு நாற்பது ஆண்டுகள் பிந்தியது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய தூய திரித்துவ ஆலயத்துக்குப் பின்னாளில் ஊசிபோல் நீண்ட கோபுரம் வைத்தார்கள். தொலைவில் வரும்போதே கண்ணில் படுவதால் அந்தக் கோபுரமே ஆலயத்துக்குப் பெயராகிவிட்டது. பெரியதைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் சிறியதற்குப் போய் வாருங்கள் என்பேன்.

கேள்வி: மேடை போலீஸ் ஸ்டேஷன் என்ற பெயர் எப்படி வந்தது? (வாசகர், சமாதானபுரம்)

பதில்: இடிக்கப்பட்ட பாளையங்கோட்டைக் கோட்டையின் எஞ்சிய பகுதி ஒன்றின்மேல், தரைமட்டத்துக்கு உயரே அமைந்திருப்பதால் அப்பெயர். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிய ஊர் இது என்பதையும் அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுக்கு நடுவே கட்டியது ஏன்? வெள்ளத்தில் மூழ்கும் கோயிலைக் கரையில் கட்டியிருக்கக் கூடாதா? (வாசகி, நெல்லை டவுன்)

பதில்: ஆற்றின் நடுவே பாறை கிடைத்த இடத்தில் கோயில் அமைத்தவர்கள், வெள்ளம் வரும் என்று தெரிந்தே அமைத்திருக்கிறார்கள். நீர் வந்து மோதும் பக்கம் படகின் முனைபோல் கூர்மையாக இருக்கிறது. மோதும் நீர் இரு பக்கமும் பிரிந்து போய்விடும். வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் உற்சவரையும் கோயில் பொருள்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் நீருக்குள் இருப்பார். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அப்படியே மூழ்கி, நீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிப் பூசையைத் தொடர்ந்தார்கள். கரையில் கட்டியிருந்தால் இத்தனை பாடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் வெள்ளம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நெல்லைக்காரர்கள் கோயில் மண்டபத்தைப் பார்த்துத்தானே கணக்குச் சொல்கிறார்கள்!

கேள்வி: தென்காசிக் கோபுரம் பழையதா, புதியதா? என் தாத்தா அதை ‘மொட்டைக் கோபுரம்’ என்றே சொல்வார். (வாசகர், கடையநல்லூர்)

பதில்: தாத்தா பார்த்தது அப்படித்தான் இருந்தது. பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம், பிற்காலத்தில் தீப்பட்டுப் பிளந்து, பல தலைமுறைக் காலம் மேல்நிலைகள் இல்லாமல் நின்றது. இப்போதைய கோபுரம் திருப்பணி முடிந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. எனவே அடியில் இருக்கும் கல் பழையது, மேலே தெரியும் சுதை புதியது என்று கொள்ளலாம்.

இந்த நிலை வரக்கூடும் என்று கட்டியவனே நினைத்திருந்தான் என்பதுதான் வியப்பு. இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, அதை யார் நீக்கிக் காத்தாலும் அவர்களை உலகறியப் பணிகிறேன் என்று பராக்கிரம பாண்டியன் சொல்வதாகக் கோயிலில் ஒரு கல்வெட்டுப் பாடல் இருக்கிறது. பிற்காலத்தில் கைவைப்பவரைச் சாபத்தால் அச்சுறுத்தும் கல்வெட்டுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். இன்னும் பிறக்காத கொத்தனுக்கும் ஸ்தபதிக்கும் ஓர் அரசன் முன்கூட்டியே கும்பிடு போட்ட கல்வெட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. சாரல் காலத்தில் போனால், வாசலில் நுழையும்போதே வேட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபுர வாசல் காற்று ஆளைத் தள்ளும்.